பின்னாடி ரெண்டு சக்கரம்

முன்னாடி ரெண்டு டயர் போதும் என்று என்னைக் கட்டின மச்சான் சொல்லிவிட்டார், அவர்கூட வேலை பார்க்கிற தங்கமாரி அண்ணனும் சொல்லிவிட்டார், இனி நான் எழுந்து போய் கவுண்டரில் இருக்கிற பெண்ணிடம் ரெண்டு என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. இங்கிலீஷில் அதைவிடச் சின்ன வார்த்தை கிடையாது. இருந்தும் இந்த டயர் கடையில், ரப்பர் வாடைக்கும் ஆறிப்போன காப்பி வாடைக்கும் நடுவில், கார் சாவியை விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டு உட்கார்ந்தே இருக்கிறேன். பக்கத்து நாற்காலியில் என் மகள் நிறைமதி, மூணு வயசு, பனிக்கோட்டுக்குள் பஞ்சு மூட்டை மாதிரி இருந்துகொண்டு, கடையில் கொடுத்த லாலிபாப்பைச் சுவரில் தொங்குகிற டயர்களுக்கு ஒவ்வொன்றாகக் காட்டி, வேணுமா வேணாமா என்று விசாரிக்கிறாள். கவுண்டர் பெண் ஷெல்பி, சட்டையில் பெயர் குத்தியிருக்கிறது, நகத்துக்கெல்லாம் ஊதா. அவள் எனக்கு ரெண்டு வழி காட்டியிருக்கிறாள். ஒன்று, புத்தம் புதுப் பனிக்கால டயர் ரெண்டு, இப்போது இருக்கிற என் சக்கரத்திலேயே முன்பக்கம் ஏற்றித் தருவார்கள். இல்லையென்றால், யாரோ காரை மாற்றும்போது கழித்துவிட்டுப் போன பழைய பனிக்கால டயர் நாலு, கறுப்பு இரும்புச் சக்கரத்தோடு, அப்படியே கழற்றி மாட்டிக்கொள்ளலாம். ரெண்டுக்கும் விலை ஏறக்குறைய ஒன்றுதான். அதுதான் சிக்கல். ஒன்று கூட, ஒன்று குறைச்சல் என்றால் குறைச்சலானதை எடுத்துக்கொண்டு போயிருப்பேன், எனக்கு என்ன வேண்டிக்கிடக்கிறது யோசனை. மூணாவதாக வெள்ளி மாதிரி மின்னுகிற அலாய் சக்கரத்தையும் காட்டினாள், உங்க காருக்கு ரொம்ப அழகா இருக்கும் என்று. என் கார் வாசலில்தான் நிற்கிறது, ஒரு கதவில் ஒடுக்கு, ஒரு கண்ணாடிக்கு டேப். அதற்கு அலாய் போட்டால் கிழிந்த சட்டைக்குத் தங்கப் பித்தான் தைத்த மாதிரி இருக்கும் என்று சொல்ல நினைத்தேன். இங்கிலீஷில் பித்தான் வரைக்கும் வந்தது, கிழிந்த சட்டை வரவில்லை. சிரித்து வைத்தேன். அவளும் சிரித்தாள்.

திங்கட்கிழமை வேலைக்குச் சேர வேண்டும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் முதியோர் இல்லத்துச் சமையலறையில், காலைக் கஞ்சியும் முட்டையும் பார்க்கிற வேலை. பாப்பாவுக்கும் பக்கத்துக் கட்டடத்திலேயே குழந்தைகள் காப்பகம். கனடாவில் இந்தச் சஸ்கட்டூனுக்கு வந்து சேர்ந்ததிலிருந்து இப்படி ஒரு வேலைக்குத்தான் காத்துக்கொண்டிருந்தேன், வேலையும் பிள்ளையும் ஒரே வாசலில். ஆனால் அவ்வளவு காலையில் அந்தப் பக்கம் பஸ் கிடையாது. காரில் போனால்தான் வேலை, போகாவிட்டால் இல்லை. மச்சானுக்குக் கார் வேண்டாம், அவர் ரொட்டி ஃபேக்டரியில் ராத்திரி ஷிப்ட், தங்கமாரி அண்ணனின் வண்டியிலேயே போய் அதிலேயே திரும்பிவிடுவார். அதனால் கார் எனக்கு. லைசென்ஸும் எடுத்தாகிவிட்டது. முதல் தடவை ஸ்டாப் போர்டில் நிற்காமல் சும்மா மெதுவாகப் போனேன் என்று ஃபெயில் போட்டுவிட்டார்கள், நின்றுதான் போக வேண்டுமாம், எங்கள் அருப்புக்கோட்டைப் பக்கம் பஸ்ஸே அப்படி நிற்காது. டயர் விஷயத்தில் எங்கள் மாகாணத்தில் கட்டாயம் ஒன்றும் இல்லை, போட்டாலும் ஒன்றுதான், போடாவிட்டாலும் ஒன்றுதான் என்று தங்கமாரி அண்ணன் ஆரம்பித்தார். அவர் ஏழெட்டுப் பனிக்காலம் பார்த்தவர், எங்கள் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து முறுக்கைக் கடித்துக்கொண்டே சொன்னார், "தங்கச்சி, எஞ்சின் இழுக்கிறது முன் சக்கரத்தைத்தான். பின் சக்கரம் சும்மா கூட வர்ற சொந்தக்காரன் மாதிரி. கல்யாணத்துக்கு வந்தா சாப்பிட்டுட்டுப் போயிரும். அதுக்கு எதுக்கு பட்டு வேட்டி?" மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன், சொன்னது நன்றாகத்தானே இருந்தது. பிறகு பாத்திரம் கழுவும்போதுதான் தோன்றியது, பந்தியில் சண்டை இழுத்துவிடுகிறவனும் கூட வந்த சொந்தக்காரன்தானே என்று. அப்போது அண்ணன் கிளம்பிப் போய்விட்டார்.

பழைய டயரைப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு ஷெல்பி பின்பக்கக் கதவைத் திறந்துவிட்டாள். நாலும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இருந்தது, இட்லிக் கொப்பரை மாதிரி. இரும்புச் சக்கரத்தில் துரு, ஆனால் மேலோட்டமான துரு, அரிவாளில் மழைக்காலத்தில் வருமே அது மாதிரி, தேய்த்தால் போய்விடும். டயரின் பள்ளத்துக்குள் கட்டை விரல் நகத்தை விட்டுப் பார்த்தேன், நகம் பாதிக்குமேல் உள்ளே போனது. என் காரின் டயரில் நகம் நுனிதான் போகும். பக்கவாட்டில் மலையும் அதற்குள் பனிப்பூவும் படம் போட்டிருந்தது, அதுதான் பனிக்கால டயருக்கு அடையாளம், வீடியோவில் பார்த்து வைத்திருந்தேன். செய்த வருசமும் ஓரத்தில் இருக்கும், தேடினேன், மூணு ஒரே வருசம், ஒன்று அதற்கு முந்தின வருசம். பிள்ளைகள் நாலில் ஒன்று மூத்தது, பரவாயில்லை. இந்த டயர் என் காரில் இருக்கிறதைவிட ஒல்லி. அகலமாக இருந்தால்தானே நன்றாகப் பிடிக்கும் என்று முதலில் நினைத்தேன், ஷெல்பி இல்லை என்றாள், ஒல்லியானது பனியை வெட்டிக்கொண்டு அடித் தரைக்குப் போய்விடுமாம், அகலமானது மேலேயே மிதக்குமாம். சொன்னதும் புரிந்துவிட்டது. கரிசல் காட்டில் மழைக்குப் பிறகு பார்த்திருக்கிறேனே, மாட்டு வண்டியின் சன்னச் சக்கரம் சேற்றை அறுத்துக்கொண்டு கெட்டித் தரையைத் தொட்டுவிடும். டயர் மேட்டரில் எனக்குக் கொஞ்சம் தெரியும் என்று இருந்தது. ரப்பரை அழுத்திப் பார்த்தேன், மெத்தென்று கொடுத்தது. வாசலில் நிற்கிற என் காரின் டயரை அழுத்தினால் பலகை. தேங்காயெண்ணெய் மார்கழியில் உறைந்துபோகிற மாதிரி, சாதாரண டயர் இந்தக் குளிரில் இறுகிவிடும், இறுகினால் ரோட்டைப் பிடிக்காது. உராய்வின் நன்மை தீமைகளை எழுதுக. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்து மார்க் கேள்வி, எனக்கு மனப்பாடம், உராய்வு இல்லையெனில் நம்மால் நடக்க இயலாது, ஓடும் வண்டியை நிறுத்த இயலாது, முழு மார்க். உராய்வு இல்லாத இடத்தை அப்போது நானும் பார்த்ததில்லை, பாடம் நடத்தின சாரும் பார்த்திருக்க மாட்டார். நேற்றுப் பார்த்தேன்.

நேற்றைப் பற்றி நினைக்க வேண்டாம். அது ஒன்றும் இல்லை, ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலம் கடைக்குப் போய்விட்டு வந்தேன், பால், வெங்காயம், மச்சான் சொன்ன நாலு எலுமிச்சம்பழம். டயர் மாற்றினதும் சக்கரத்துக்கு வைக்க வேண்டும், மறந்துடாத என்று ஷிப்டுக்குக் கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போனார். இங்கே மஞ்சளாகப் பெரிதாக ஒன்று விற்கிறது, தோல் ரொம்பத் தடிமன், அதைச் சாமி ஏற்றுக்கொள்ளுமோ என்னமோ. பச்சையாகச் சின்னதாக இன்னொன்று இருக்கிறது, நம்ம ஊர்ப் பழத்துக்கு அதுதான் பக்கம், அதில் நாலு எடுத்தேன். வெளியே வந்தால் முதல் பனி விழத் தொடங்கியிருந்தது, பாப்பா வாயைத் திறந்து வைத்துக்கொண்டே நடந்தாள். பாலத்துக்கு இறங்குகிற சரிவில் சிக்னல் சிவப்பு விழுந்தது. பிரேக்கை மிதித்தேன். கார் நின்றிருக்க வேண்டும். மிதித்தால் நிற்கும் என்றுதானே மிதிக்கிறோம். காலுக்குக் கீழே டரடரவென்று என்னவோ உதறியது, முன்பக்கம் நேராகத்தான் போனது, ஸ்டியரிங் என் கையில்தான் இருந்தது, ஆனால் முதுகுக்குப் பின்னால் கார் வேறு ஒரு கார் மாதிரி, தனியாக, தன்பாட்டுக்கு, வலது பக்கமாகக் கிளம்பிப் போனது. முன்பாதி என்னுடையது, பின்பாதி யாருடையதோ. கண்ணாடியில் பார்த்தேன், பாப்பாவின் சிவப்புத் தொப்பி, அதற்குப் பின்னால் ரோட்டோரக் கம்பம், ஜன்னல் முழுக்கக் கம்பம். பிறகு தன்னாலேயே திரும்பி வந்தது. நின்றது. முன்னால் நின்ற பஸ்ஸுக்கும் எனக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழைகிற இடம். பின்னாலிருந்து சிரிப்பு, கெக்கெக்கே என்று, "அம்மா, இன்னொரு தடவ." ராட்டினம் என்று நினைத்துவிட்டாள். பச்சை விழுந்தது, வந்துவிட்டேன், வெங்காயம் நறுக்கினேன், ரசம் வைத்தேன். மச்சானிடம் சொல்லவில்லை. சொன்னால் வேலைக்கே வேண்டாம் என்பார், அவர் பயந்தால் முதலில் அடைக்கிற கதவு அதுதான். சொல்லாமல் இருந்தால் ரெண்டு டயர். சொன்னால் வேலை போச்சு. இன்னொரு தடவ. ராத்திரி அவள் தூங்கின பிறகும் அந்தச் சிரிப்பு காதில் இருந்தது, அதில் பயப்பட ஒன்றும் இல்லை, குழந்தை சிரித்தாள், அவ்வளவுதான், இருந்தும் எழுந்து போய்ப் போர்வையை இழுத்துவிட்டுவிட்டு வந்தேன்.

முன்பக்கம் நேராகத்தான் போனது. இதில்தான் திரும்பத் திரும்ப வந்து மாட்டிக்கொள்கிறேன். ரெண்டு புது டயரை முன்னால் போட்டால் முன்பக்கம் இன்னும் நன்றாகப் பிடிக்கும், பிரேக் போட்டால் முன்பக்கம் சட்டென்று நிற்கும், சரி, பின்பக்கம்? அதற்கு யார் சொல்வது நில் என்று? இதை எங்கேயோ பார்த்திருக்கிறேன், பார்த்திருக்கிறேன் என்று குடைந்துகொண்டே இருந்தது, இப்போது பாப்பா லாலிபாப்பைக் கீழே போட்டாள், குனிந்து எடுத்தேன், அந்தக் குனிதலில் வந்துவிட்டது. கல்யாணமாகி மறுவீட்டுக்குப் போனது. மச்சான் எனக்கு அத்தை மகன்தான், சின்னதிலிருந்து தெரிந்தவர்தான், ஆனாலும் புது மாப்பிள்ளை முறுக்கில் புது பைக்கில் என்னை வைத்துக்கொண்டு போனார். முதல் நாள் நல்ல மழை, கரிசல் ரோடு வெண்ணெய் மாதிரி. பேசிக்கொண்டே ஓட்டினார், சிங்கப்பூர் போகலாமா கனடா போகலாமா என்று. ஒரு வளைவில் பின் சக்கரம் மட்டும் நைசாக வழுக்கியது, வழுக்கித் தன்னால் நேராகிவிட்டது. நான் ஆகவில்லை. பட்டுச் சேலையோடு சேற்றில் உட்கார்ந்திருக்கிறேன், அவர் பேசிக்கொண்டே போகிறார், கனடாவில் குளிர்தான் கொஞ்சம் ஜாஸ்தி என்கிறாங்க, நீ என்ன சொல்ற பேச்சி என்று பம்புசெட்டு வரைக்கும் போய்த்தான் திரும்பிப் பார்த்தாராம். பம்புசெட்டில் குளித்துக்கொண்டிருந்தவர்கள், என்ன மாப்ள, பொண்ண எங்க வச்சிட்டு வந்த என்று கேட்ட பிறகுதான். ஊரே ஒரு மாசம் சிரித்தது. அவருக்கு வழுக்கினதே தெரியவில்லை. அதுதான். ஓட்டுகிறவர்களுக்குத் தெரியாது. முன் சக்கரத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறவருக்கு வண்டி நன்றாகத்தான் போகிறது, விழுகிறது பின்னால் இருக்கிற ஆள். காரில் பின்னால் இருக்கிற ஆள் லாலிபாப்பில் ஒட்டின தூசியை ஆராய்ந்துகொண்டிருக்கிறாள்.

மச்சானுக்குப் போன் போட்டேன். ஷிப்ட் முடிந்து வந்து படுத்திருப்பார், இருந்தாலும் முதல் மணியிலேயே எடுத்தார். "மாட்டியாச்சா?" என்றார், குரல் தலையணைக்குள்ளிருந்து வந்தது. "மச்சான், நேத்து எத்தன எலுமிச்சம்பழம் வாங்கச் சொன்னீங்க?" "நாலு. ஏன், வாங்கலையா?" "வாங்கிட்டேன். டயர் ரெண்டுதான மாத்துறோம், பழம் எதுக்கு நாலு?" "சக்கரம் நாலு இருக்குல்ல புள்ள. ரெண்டுக்கு வச்சுட்டு ரெண்ட விட்டா நல்லாவா இருக்கும்?" ம்ம் என்று இழுத்தேன். கட்டில் கிரீச்சென்றது, எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று தெரிந்தது. "இப்ப என்னங்கிற?" "பழத்துக்கு நாலு, டயருக்கு ரெண்டான்னு கேக்குறேன்." "நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்டி. அடுத்தவன் ஓட்டித் தேச்ச டயரு அது." "அடுத்தவன் ஓட்டித் தேச்ச கார்லதான மாட்டப் போறோம். பள்ளமெல்லாம் நகம் விட்டுப் பாத்துட்டேன், இன்னும் ரெண்டு மூணு பனிக்காலம் தாங்கும். சக்கரத்தோட இருக்கதால வெயில் வந்ததும் நீங்களே ஜாக்கி வச்சுக் கழட்டிரலாம், கடைக்கு வரவேண்டாம்." "தங்கமாரி அண்ணன் ரெண்டுலதான் இத்தன வருசமா ஓட்டுறாரு." "அண்ணன் வண்டியில பின்னாடி யாரு உட்கார்றா? நீங்கதான?" "நான் முன்னாடி உட்காருவேன்." "அப்ப பின்னாடி?" "டிபன் கேரியர்," என்றார், அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரிக்கவில்லை. "மச்சான், மறுவீட்டுக்குப் போறப்ப என்னையச் சேத்துல விட்டுட்டு பம்புசெட்டு வரைக்கும் போனீங்களே." "அத இன்னும் எத்தன வருசத்துக்குச் சொல்லுவ?" "அன்னைக்கு முன் சக்கரம் வழுக்கல. பின் சக்கரந்தான். உங்களுக்குத் தெரியவே இல்ல." போனில் எங்கள் வீட்டு ஹீட்டர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மெதுவாக, "நேத்து ஏதாச்சும் ஆச்சா?" என்றார். இந்த மனுசன் பேசிக்கொண்டே இருப்பார், ஒன்றும் கவனிக்க மாட்டார், கவனித்தால் சரியாக அதைக் கவனிப்பார். "ஒண்ணும் ஆகல. பாலத்துச் சரிவுல பின்பக்கம் லேசாப் போயிட்டு வந்துச்சு." "பாப்பா?" "சிரிச்சா. இன்னொரு தடவன்னு கேட்டா." மறுபடி ஹீட்டர். வேலைக்குப் போகாதே என்று இப்போது சொல்வார், இப்போது, இதோ, நான் அதற்குப் பதிலைத் தயாராக வைத்திருந்தேன், பஸ் கிடையாது, வேறு வேலை கிடையாது, பிள்ளையும் நானும் ஒரே வாசலில் மச்சான், எல்லாம் வரிசையாக நாக்கில் நின்றது. "நாலும் போடு," என்றார். "மாட்டும்போது பக்கத்துல நின்னு பாரு. நட்டெல்லாம் முறுக்குறானா பாரு. திங்கக்கிழமை நானும் வர்றேன்." "நைட் ஷிப்ட் முடிச்சுட்டா?" "கார்ல தூங்கிக்கிறேன். பின்னாடி, பாப்பா பக்கத்துல." சரி என்று வைத்துவிட்டேன். நாக்கில் நின்றதையெல்லாம் விழுங்க வேண்டியிருந்தது.

கவுண்டரில் போய் ஃபோர் என்றேன். டூ மாதிரியே சின்ன வார்த்தைதான். ஷெல்பி என் டப்பா காரையும் கறுப்பு இரும்புச் சக்கரத்தையும் ஒரு தடவை பார்த்து, மூடி வேணுமா, சக்கரத்துக்கு மேல போடுறது, அழகா இருக்கும் என்றாள். வேண்டாம் என்றேன். மாட்டுகிற பையன் நட்டை முறுக்கும்போது பக்கத்திலேயே நின்றேன், நாலு சக்கரத்துக்கும் நின்றேன், அவன் நாலாவதை முறுக்கிவிட்டு முறுக்கியை என்னிடமே நீட்டினான், வேண்டுமானால் நீயும் ஒரு தடவை முறுக்கிக்கோ என்கிற மாதிரி. வாங்கி முறுக்கினேன். டக்கென்றது, நகரவில்லை. திருப்தி. கழற்றின என் டயர் நாலையும் டிக்கியில் ஏற்றப் போகும்போதுதான் எலுமிச்சம்பழப் பை கிடைத்தது. நேற்றைக்கு வைத்ததை எடுக்கவே இல்லை, ராத்திரி முழுக்க டிக்கியிலேயே கிடந்திருக்கிறது. கையில் எடுத்தால் கூழாங்கல். ஒன்றோடு ஒன்று தட்டினால் கிண் என்று சத்தம். ஊரில் எந்தப் புது வண்டிக்கும் எந்தப் பழமும் இப்படி ஆகியிருக்காது, கோயில் வாசலில் வாங்கின பழம் வெயிலில் வெதுவெதுவென்று இருக்கும், சக்கரம் ஏறினால் பொட்டென்று உடைந்து புளிப்பு வாசம் வரும். இதைச் சாமி என்ன என்று எடுத்துக்கொள்ளும் என்று ஒரு நிமிசம் நின்றேன். கோட்டுக்குள் கக்கத்தில் வைத்துச் சூடாக்கலாமா என்றுகூடப் பார்த்தேன், ஒன்றை வைத்ததும் உயிர் போய்விட்டது, நாலுக்கு நான் எங்கே போவது. அப்படியே வைத்தேன். முன்னால் ரெண்டு, பின்னால் ரெண்டு, ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னால் பனியில் குழிபறித்து, உருளாதபடிக்கு. பின்னால் வலது பக்கத்துப் பழத்தை ரெண்டு தடவை சரிபார்த்தேன், பாப்பா உட்காருகிற பக்கம். முறுக்குகிற பையன் கதவில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு பார்த்தான், ஏன் என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, எல்லா ஊரிலும் எல்லாரும் என்னென்னவோ செய்கிறார்கள். பாப்பாவின் பெல்ட்டைப் போட்டேன், இழுத்துப் பார்த்தேன், நான் ஏறினேன். சாமி என்றேன். எந்தச் சாமி என்று சொல்லவில்லை, எங்கள் ஊர்ச் சாமிக்கு இந்தக் குளிர் பழக்கம் இருக்காது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். நறுக்கென்று ஒரே ஒரு சத்தம், நாலும் ஒன்றாகத்தான் உடைந்திருக்க வேண்டும், கார் முன்னும் பின்னும் சேர்ந்து, ஒரே கார் மாதிரி, ஒரு விரல்கடை ஏறி இறங்கியது. பின்னாலிருந்து குரல் வந்தது, லாலிபாப் வாயோடு.

"அம்மா, இன்னொரு தடவ."

"ஒரு தடவதான் பாப்பா," என்று சொல்லிவிட்டு, பாலத்துப் பக்கம் திருப்பினேன்.